டொயோட்டா 86-க்கு 18 அங்குல ரிம்: பகாவ் ரோட்டுக்குத் தாங்குமா?

செம்மண்சாலை (பகாவ், மலேசியா) கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரியில் டொயோட்டா 86 ஒன்று வாங்கினேன். 2013 மாடல், கியர் கார், எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. எட்டு வருடம் சேர்த்த பணம். அந்தக் கார் வீட்டு வாசலில் நிற்பதை இன்னும் காலையில் எழுந்தவுடன் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது போட்டிருப்பது கம்பெனி ரிம்: 17 அங்குலம், 7 அகலம், ஆஃப்செட் 48. டயர் 215/45/17. பின் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் வழுக்கையாகிவிட்டன. 90-ஐத் தாண்டினால் ஸ்டீரிங் நடுங்குகிறது. டயரை எப்படியும் மாற்ற வேண்டும், அதோடு ரிம்மையும் மாற்றிவிடலாமா என்று பார்க்கிறேன்.

நான் ஓட்டுகிற பாதையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். வேலை செம்பனை ஆலை லேப்பில். வீடு தோட்டத்துக்குள். தார் ரோட்டிலிருந்து வாசல் வரை 1.4 கிலோமீட்டர் செம்மண். குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் ஆழமான தடம் விழுந்திருக்கிறது, நடுவில் மேடு. வாரம் ஒருநாள் அம்மாவை முதுகுவலிக்காகக் கோலப்பிலா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மட்டும் எனக்கான ஓட்டம்: புக்கிட் புத்துஸ் ஏறி இறங்கி, பாரோயில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவது. ரேஸ் டிராக் பக்கம் போகிற எண்ணம் இல்லை.

ஒருவர் ஒரு செட் விற்கிறார். 18 அங்குலம், 9.5 அகலம், ஆஃப்செட் 22, வெண்கல நிறம், டிஇ37 என்ற ஜப்பானிய ரிம் மாதிரி செய்த நகல். 5×100, 5×114.3 (ஐந்து நட் துளை, 100 அல்லது 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில்) இரண்டுக்கும் சேர்த்துப் பத்துத் துளை. டயர் 225/40/18, இரண்டு வருடம்தான் ஓடியது என்கிறார். நான்கும் சேர்த்து 3,200 வெள்ளி (ரிங்கிட்). என் கையில் இருப்பது 4,500.

படத்தில் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை, அவ்வளவு அழகு. ஆனால் அப்பா 27 வருடம் தோட்டத்து லோரி ஓட்டியவர். படத்தைப் பார்த்துவிட்டு, "ரிம் பெரிசாகப் பெரிசாக ரப்பர் சின்னதாகுதே, நம்ம ரோட்டுக்கு இது ஆகுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குளுவாங் நீலம்:

என்னிடம் இருப்பது சுபாரு பிஆர்இசட், உங்கள் காரின் கூடப்பிறந்தது. 18, 8.5 அகலம், ஆஃப்செட் 45, டயர் 225/40/18. இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். எங்கேயும் உரசவில்லை. நெடுஞ்சாலையில் அருமை, வளைவில் ஸ்டீரிங் சொன்னபடி கேட்கும், பார்க்கவும் மட்கார்டுக்குள் நிறைவாக உட்கார்ந்திருக்கும்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. லாயாங்-லாயாங் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போகும்போது மழைத் தண்ணீர் மூடிய பள்ளத்தில் இடது முன் சக்கரம் இறங்கியது. ரிம் உள்விளிம்பு வளைந்துவிட்டது. நிமிர்த்த 120 வெள்ளி. மூன்று மாதம் கழித்து வேறு பள்ளம், அதே சக்கரம். தினமும் 1.4 கிலோமீட்டர் செம்மண் என்றால் நான் 18-க்குப் போயிருக்க மாட்டேன்.

---

காற்றழுத்தம் (டயர் கடை):

தம்பி, முதலில் கார் வாங்கியதற்கு வாழ்த்து. நான் 1998-லிருந்து டயர் வேலை செய்கிறேன், ஒன்பது வருடமாகச் சொந்தக் கடை. பிறந்தது ரோம்பின் ரோட்டில் ஒரு தோட்டத்து லயத்தில். உங்கள் செம்மண் பாதையை நான் வந்து பார்க்கத் தேவையில்லை, அதில்தான் சைக்கிள் பழகினேன். அந்த 3,200 வெள்ளி செட்டை வாங்காதீர்கள். காரணம் நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

ஆஃப்செட் என்றால் ரிம்மின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் (சக்கரத்தை மாட்டுகிற நடுப்பாகம்) ஒட்டி உட்கார்கிற முகத்துக்கும் இடையே உள்ள தூரம், மில்லிமீட்டர் கணக்கு. அந்த எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளும். இப்போது கணக்குப் போடுங்கள். அகலம் 7-லிருந்து 9.5 ஆகிறது, அதாவது 63.5 மில்லிமீட்டர் கூடுகிறது. அதில் பாதி, கிட்டத்தட்ட 32, வெளிப்பக்கம் வரும். ஆஃப்செட் 48-லிருந்து 22-க்கு இறங்குவதால் இன்னும் ஒரு 26. மொத்தம் 58 மில்லிமீட்டர். ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்து, அதற்கும் கொஞ்சம் மேலே. அவ்வளவு தூரம் உங்கள் சக்கரம் இப்போது இருக்கிற இடத்தைவிட வெளியே நிற்கும். மட்கார்டைத் தாண்டிய டயரைப் பார்த்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் எழுதும், புஸ்பாகோம் வாகனச் சோதனையிலும் சிக்கல். அதைவிட, செம்மண்ணில் இருக்கும் கூழாங்கல் எல்லாம் வாரியடித்து உங்கள் கதவில் விழும். எட்டு வருடம் சேர்த்து வாங்கிய கார், பெயிண்ட் போய்விடும்.

அடுத்தது டயர். 225/40/18 டயருக்கு ரிம் அகலம் 7.5-லிருந்து 9 வரைதான். 9.5-ல் ஏற்றினால் ரப்பர் இழுபட்டுச் சாய்ந்து நிற்கும், ரிம் விளிம்பு ரப்பரைவிட வெளியே தெரியும். சிலருக்கு அந்தக் கோலம் பிடிக்கும். நம் பாதையில் ஒரு கல்லில் ஏறினால் முதலில் அடி வாங்குவது ரப்பர் இல்லை, அலுமினியம்.

பத்துத் துளை ரிம் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகல் ரிம்மில் துளைக்கும் துளைக்கும் நடுவே மிஞ்சியிருக்கிற உலோகத்தைப் பார்த்தால் எனக்கு மனசு ஒப்பாது. நடுத்துளையையும் அளந்து பாருங்கள். உங்கள் ஹப் 56.1 மில்லிமீட்டர். வெளியே விற்கிற ரிம்கள் பெரும்பாலும் பல கார்களுக்குப் பொருந்தட்டும் என்று 73.1 வைத்திருப்பார்கள். இடைவெளிக்கு ஹப் ரிங் போடாவிட்டால் சக்கரம் நட்டின் பிடியில் மட்டும் நடுவில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் நடுக்கம் வரும், பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் போகாது. இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. பிரியஸ் ரிம்மும் 5×100தான், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருவர் கொண்டுவந்தார். அதன் நடுத்துளை 54.1. இரண்டு மில்லிமீட்டர் சின்னது, 86-ல் ஏறவே ஏறாது.

நட் விஷயத்தில் இன்னும் கவனம். முன்னால் டொயோட்டா சின்னம் இருந்தாலும் உங்கள் காரைச் செய்தது ஜப்பானில் குன்மாவில் இருக்கிற சுபாரு ஆலை. அதனால் ஸ்டட் (நட் ஏறுகிற ஆணி) மரை 12-க்கு 1.25, அதாவது ஆணியின் விட்டமும் மரை இடைவெளியும், மில்லிமீட்டரில். மற்ற டொயோட்டா கார்களில் பெரும்பாலும் 12-க்கு 1.5. டொயோட்டா நட் கொடுங்கள் என்று கடையில் கேட்டு வாங்கி, காற்றுத் துப்பாக்கியால் ஏற்றினால் இரண்டு சுற்றுப் போகும், அப்புறம் மரை தின்றுவிடும். எந்தக் கடைக்குப் போனாலும் முதல் நான்கு சுற்றைக் கையால் ஏற்றச் சொல்லுங்கள். கையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கடைசி இறுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில், 120 நியூட்டன் மீட்டர். ரிம் கழற்றி மாட்டினால் ஒரு 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அப்பா கேட்டதற்கு வருகிறேன். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. 215/45/17-ல் 45 என்பது அகலத்தில் நூற்றுக்கு 45, அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே சுமார் 97 மில்லிமீட்டர் ரப்பர் சுவர். 225/40/18-ல் 90. 225/45/17 போட்டால் 101. பதினோரு மில்லிமீட்டர் என்ன பெரிசு என்று தோன்றும். பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது அந்த ரப்பர் மடிந்து அடியை வாங்கிக்கொள்கிறது. அது முழுதாக மடிந்து முடிந்த பிறகுதான் ரிம் கல்லைத் தொடும். அந்தக் கடைசி விரற்கடை அளவில்தான் ரிம் பிழைக்கிறதும் போகிறதும்.

இதை நான் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. 2011-ல் என் புரோட்டான் வீரா காருக்கு 17 அங்குல நகல் ரிம் போட்டேன், 40 டயர். டயர் தொழில் தெரிந்தவன், ஆனாலும் ஆசை. மழைக்கால இரவு, மனைவியும் நாலு வயசு மகளும் காரில். ரோம்பின் ரோட்டில் ஒரு பள்ளம், டம் என்று ஒரு சத்தம். ஓடிக்கொண்டேதான் இருந்தது, நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை காற்று இறங்கியது. வால்வை மாற்றினேன், ஆணி தேடினேன். மூன்றாவது வாரம் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கியபோது ரிம்மின் உள்விளிம்பில் இருந்து முத்து முத்தாகக் குமிழி வரிசை. துடைத்துவிட்டு விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். ஒரு தலைமுடி கிடக்கிற மாதிரி கோடு, நாலு விரல் நீளம், ஆரக்கால் அடியை நோக்கி ஓடியிருந்தது. அந்த மூன்று வாரமும் மகளை அந்தக் காரில்தான் நர்சரிக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அந்தக் கோட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை வேர்க்கிறது.

அதனால் பழைய ரிம் வாங்கப் போகிறவர்கள் முன்பக்கப் பளபளப்பைப் பார்க்காதீர்கள். புரட்டிப் போட்டு உள்பக்கத்தைக் கழுவுங்கள். ஆரக்கால் தொடங்குகிற இடம், உள்விளிம்பு, துளைகளைச் சுற்றி, இந்த மூன்று இடத்திலும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உள்பக்கத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே வெல்டிங் இருக்கலாம். பேலன்சிங் மெஷினில் டயர் இல்லாமல் சுற்றவிட்டு, ஒரு குச்சியை விளிம்புக்குப் பக்கத்தில் பிடித்தால் வளைவு கண்ணுக்கே தெரியும். ஜேடபிள்யூஎல், விஐஏ என்று வார்ப்பிலேயே பொறித்திருக்கிறதா என்று தேடுங்கள், அவை ஜப்பானிய ரிம் தரக் குறிகள். நகல் செய்கிறவர்கள் அதையும் நகல் செய்வது உண்டு, எனவே குறி இருப்பதால் மட்டும் நம்பிவிடவும் வேண்டாம்.

டயர் இரண்டு வருடம் ஓடியது என்பது வேறு, டயருக்கு எத்தனை வயது என்பது வேறு. டயர் சுவரில் டாட் (DOT) எழுத்துகளின் கடைசியில் நாலு எண் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் வருடம் 32-ஆவது வாரம் செய்தது. நான்கு டயரையும் தனித்தனியாகப் பாருங்கள். பல டயர்களில் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே முழு எண் இருக்கும், அது உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

என் யோசனை இது. கம்பெனி ரிம்மை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நான்கையும் சுற்றவிட்டுப் பாருங்கள், உங்கள் 90 கிலோமீட்டர் நடுக்கத்துக்கு ஒரு ரிம் வளைந்திருப்பதே காரணமாக இருக்கலாம். பின் டயர் உள்பக்கம் தேய்வது அலைன்மெண்ட் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் எந்த டயர் போட்டாலும் அதே மாதிரி தின்றுவிடும். காசை டயரில் போடுங்கள். 215/45/17 அப்படியே போடலாம், அல்லது 225/45/17. இரண்டாவதில் மொத்த விட்டம் 625-லிருந்து 634 மில்லிமீட்டர் ஆகும், ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு, ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. சுமை எண் (டயர் தாங்கும் எடைக்கான குறியீடு) 87-க்குக் குறையக் கூடாது.

எந்த டயர் என்று கேட்பீர்கள். இந்தக் கார் புதிதாக வரும்போது மிச்செலின் பிரைமசி எச்பி போட்டு வந்தது. அது சாதாரணப் பயணக் கார் டயர். 200 குதிரைசக்தி காரில் வளைவின் விளையாட்டை மெதுவான வேகத்திலேயே ஓட்டுகிறவன் உணரட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். அதனால் அகலம் கூடினால்தான் சுகம் என்கிற எண்ணத்தை விடுங்கள். புக்கிட் புத்துஸில் விடியற்காலை ரோடு பாதி நாள் ஈரம், ஓரத்தில் இலைச் சருகு. தண்ணீரை வெளியே தள்ளுகிற டயர்தான் உங்களுக்கு வேண்டும். பைலட் ஸ்போர்ட் 5, மேக்ஸ்கான்டாக்ட் இந்த ரகம் போதும். டிரெட்வேர் (தேய்மான எண்) 200, அதற்கும் கீழே இருக்கிற டிராக் டயர் வேண்டாம். சீக்கிரம் தேயும், அந்த வழவழப்பான முகத்துக்கு நம் மழை ஒத்துவராது.

ரிம் மாற்றியே ஆக வேண்டும் என்ற ஆசை அடங்கவில்லை என்றால் அதுவும் தப்பில்லை, வயசு அப்படி. அப்போது 17-லேயே 8 அகலம், ஆஃப்செட் 45 தேடுங்கள். வெளிப்பக்கம் சுமார் 16 மில்லிமீட்டர் வரும், உள்பக்கம் 10 போகும், மட்கார்டுக்குள் அழகாக நிறையும். 225/45 அதில் சரியாக உட்காரும். நல்ல பெயருள்ள கம்பெனி ரிம்மாக இருக்கட்டும், காசு சேரும்வரை காத்திருங்கள்.

---

மழைச்சாரல் (பந்திங்):

தம்பி, அம்மா முதுகுவலி என்று எழுதியிருந்தீர்களே, அதற்காக எழுதுகிறேன். நான் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஓட்டுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை, பாதி வழி செம்மண். 17-லிருந்து 16-க்கு இறக்கினேன். அதற்கு முன்னால் அத்தையை ஏற்றினால் ஒவ்வொரு மேட்டுக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். இப்போது தூங்கிவிடுகிறார்.

ஜப்பானில் 86-இன் அடிப்படை மாடல் 16 அங்குல இரும்பு ரிம்மில், 205/55/16 டயரோடுதான் வந்தது. விட்டம் உங்களுடையதைவிட ஒரு சதவீதம்தான் கூட. உங்கள் மாடலில் பிரேக் பெரிதாக இருந்தால் எல்லா 16 ரிம்மும் காலிப்பரைத் தாண்டாது, மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு செட் 17 ஞாயிற்றுக்கு, ஒரு செட் 16 வாரநாளுக்கு என்று பிற்பாடு யோசிக்கலாம்.

இன்னொன்று. வெட்டிப்போட்ட செம்பனை மட்டையின் முள் டயரில் ஏறினால் உடனே தெரியாது. உள்ளே உடைந்து நின்றுவிடும். மெதுவாகக் காற்று இறங்கும். சனிக்கிழமை காலையில் வண்டி சூடாகும் முன் காற்று அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எவ்வளவு அழுத்தம் என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட வேகமாக இறங்கினால் அதில் முள் இருக்கிறது என்று அர்த்தம்.

---

செம்மண்சாலை (பகாவ்):

எல்லோருக்கும் நன்றி. காற்றழுத்தம் அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். தலைமுடி மாதிரி கோடு என்ற இடத்தில் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

போன சனிக்கிழமை அந்த செட்டைப் பார்க்கப் போனோம். வாங்க இல்லை, வருகிறேன் என்று சொல்லிவிட்டதால். அப்பா குனிந்து உள்பக்கம் டார்ச் அடித்தார். இரண்டு ரிம்மில் உள்பக்கம் மட்டும் கறுப்புப் பெயிண்ட் புதிது. டயர் எண்களைப் படித்தேன்: இரண்டில் 4717, இரண்டில் 0818. அந்த ஆளுக்கே அது தெரிந்திருக்கவில்லை, பாவம், அவரும் யாரிடமோ வாங்கியதுதான். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். வெண்கல நிறத்தை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

திங்கள் மாலை அண்ணன் கடையைத் தேடிப் பிடித்துப் போனேன். என் ரிம் நான்கையும் டயர் இல்லாமல் சுற்றவிட்டார். இடது முன் ரிம்மின் உள்விளிம்பு குச்சியை ஒவ்வொரு சுற்றிலும் தட்டியது. டக், டக், டக் என்று. எனக்கு முன்னால் ஓட்டியவர் எங்கேயோ போட்ட அடி. வெடிப்பு இல்லை, நிமிர்த்தியாகிவிட்டது. பழைய டயரின் எண் 1116. இத்தனை வயதான ரப்பரில்தான் அம்மாவை வைத்துக்கொண்டு மழையில் போயிருக்கிறேன்.

225/45/17 நான்கும் புதிது. அலைன்மெண்ட் அளந்தபோது பின் சக்கரங்கள் இரண்டும் வெளியே பார்த்துத் திரும்பியிருந்தன, சரிசெய்தார். நிமிர்த்தியது, டயர், அலைன்மெண்ட், பேலன்சிங், நட் செட் எல்லாம் சேர்த்து 2,460 வெள்ளி. மீதியை எடுத்து வைத்திருக்கிறேன். 17-ல் 8, ஆஃப்செட் 45, அந்த எண்ணை மறக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது நெடுஞ்சாலையில் 110 வரை பார்த்தேன். ஸ்டீரிங்கில் ஒரு விரல் வைத்திருந்தேன், நடுக்கம் இல்லை. நேற்று அம்மாவை அழைத்துப் போய் வந்தோம். செம்மண்ணில் அந்த நடு மேட்டைத் தாண்டும்போது, "டயர் மாத்திட்டியா?" என்று அவரே கேட்டார்.

---

காற்றழுத்தம் (டயர் கடை):

சந்தோஷம் தம்பி. கோலப்பிலா போய் வந்தாயிற்று என்றால் 100 கிலோமீட்டர் நெருங்கியிருக்கும். வியாழன் ஆறு மணிக்குள் கடைப் பக்கம் வாருங்கள், நட்டுக்கு ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடலாம், காசு வேண்டாம். அப்பாவையும் அழைத்து வாருங்கள். அந்தக் காலத்துத் தோட்டத்து லோரியில் டயர் எப்படி மாற்றினார்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும்.